இது எந்த நாட்டு போன்? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். விடுமுறையில் வந்து பெட்டியைத் திறந்தால் கோடாலித் தைலம், சென்ட், பாதாம் பருப்போடு ஒரு போனும் வெளியே வரும். நான்கு நாள் கழித்து அந்த போன் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வந்துவிடும். "போன் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால்..." என்று ஆரம்பிப்பார்கள். அந்த "ஆனால்" இருக்கிறதே, அதற்குப் பின்னால் வருவதை வைத்தே போன் எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்று பாதி சொல்லிவிடலாம். மீதிப் பாதிக்கு செட்டிங்ஸைத் திறக்க வேண்டும்.

"இன்டர்நேஷனல் வெர்ஷன்" என்ற சொல்லை முதலில் தள்ளி வைத்துவிடுங்கள். அது விற்பவர்களின் சொல். அமெரிக்க இணையக் கடையில் அப்படிப் போட்டிருந்தால், அமெரிக்காவுக்காகச் செய்யப்படாத போன், அங்கே கம்பெனி உத்தரவாதம் கிடைக்காது என்று பொருள். சென்னை பர்மா பஜாரில் அதே சொல்லைக் கேட்டால், இந்தியாவுக்காகச் செய்யப்படாத போன் என்று பொருள். சீனத்திலிருந்து அனுப்பும் சில கடைகளில் "குளோபல்" என்றால், சீனச் சந்தை போனில் கடைக்காரரே வேறு மென்பொருளை ஏற்றியிருக்கிறார் என்று பொருள். சொல் ஒன்று, சரக்கு மூன்று.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. போனின் உடல், அதாவது மோடமும் (நெட்வொர்க்கோடு பேசும் சிப்) ஆன்டெனாவும் சிம் தட்டும், எந்தச் சந்தைக்கானது? உள்ளே ஓடும் மென்பொருள் எந்த வட்டாரத்துடையது? யாராவது பூட்டுப் போட்டிருக்கிறார்களா? உடலை மாற்ற முடியாது. மென்பொருளைச் சில சமயம் மாற்றலாம். பூட்டைத் திறக்க, அதைப் போட்டவரிடமேதான் போக வேண்டும். கீழே வரும் தொல்லைகளில் ஏறக்குறைய எல்லாமே இந்த மூன்றில் ஒன்றிலிருந்து பிறப்பவை.

எந்தத் தொல்லையானாலும் முதல் இரண்டு நிமிடம்

டயல் செய்யும் இடத்தில் *#06# என்று அடியுங்கள். ஐ.எம்.இ.ஐ. வரும்; ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள 15 இலக்க அடையாள எண் அது. அதைப் பெட்டியின் ஒட்டோடும் செட்டிங்ஸில் உள்ளதோடும் ஒப்பிடுங்கள். பல ஐபோன்களில் சிம் தட்டிலேயே அந்த எண்ணைப் பொறித்திருப்பார்கள். எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் மதர்போர்டோ தட்டோ பெட்டியோ வேறு போனுடையது. பழைய போன் வாங்குகிற இடமாக இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

ஐ.எம்.இ.ஐ.யை வைத்து நாட்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் முதல் 8 இலக்கங்கள் மாடலைச் சொல்லும். எந்த நாட்டுக் கடையில் விற்றது என்று சொல்லாது. இந்தியாவில் கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தை 14422 எண்ணுக்கு அனுப்பினால், போனின் கம்பெனி, மாடல், அது முடக்கப்பட்டதா என்ற விவரம் வரும். திருட்டு போனா என்று பார்க்க அது அவசியம். நாட்டைப் பார்க்க உதவாது.

நாடு இருப்பது மாடல் எண்ணில். செட்டிங்ஸில் "அபவுட் போன்" பக்கத்தைத் திறங்கள்.

சாம்சங்கில் கடைசி எழுத்தைப் பாருங்கள். எஸ்24 அல்ட்ராவை எடுத்துக்கொண்டால், எஸ்928-க்குப் பிறகு "பி" வந்தால் இந்தியா, வளைகுடா, ஐரோப்பா உட்படப் பெரும்பாலான நாடுகளுக்கானது. "யு" என்றால் அமெரிக்க நெட்வொர்க் கடைகளில் விற்றது, "யு1" என்றால் அமெரிக்காவில் பூட்டில்லாமல் விற்றது, "டபிள்யூ" கனடா, "என்" கொரியா. எழுத்துக்குப் பதிலாக 0 இருந்தால், அதாவது எஸ்9280 என்றிருந்தால், சீனம், ஹாங்காங், தைவான் பக்கத்துச் சரக்கு. சில தலைமுறைகளில் "இ" என்ற எழுத்தும் வரும். எஸ்22 வரிசை இந்தியாவில் அப்படித்தான் வந்தது. ஐரோப்பிய எஸ்22-இல் எக்ஸினோஸ் சிப், இந்திய எஸ்22-இல் ஸ்னாப்டிராகன். ஒரே பெயரில் இரண்டு போன்கள் என்றால் இதுதான்.

ஐபோனில் "மாடல் நம்பர்" வரியில் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். எச்-என் இந்தியா, எல்-எல் அமெரிக்கா, சி-எச் சீனா, ஜே ஜப்பான், கே-எச் கொரியா. அந்த எண்ணின் முதல் எழுத்தும் பேசும்: "எம்" கடையில் புதிதாக விற்றது, "எஃப்" ஆப்பிளே பழுதுபார்த்து விற்றது, "என்" பழுதான போனுக்கு மாற்றாகக் கொடுத்தது. புதியது என்று விற்கும் போனில் "என்" இருந்தால் கேள்வி கேளுங்கள். அதே வரியை விரலால் தொட்டால் ஏ-வில் தொடங்கும் இன்னோர் எண் வரும். அதுதான் உடலின் எண். ஐபோன் 15 என்றால் ஏ2846 அமெரிக்கா, ஏ3089 கனடா, ஜப்பான் முதலிய சில நாடுகள், ஏ3092 சீனமும் ஹாங்காங்கும், மற்ற பெரும்பாலான நாடுகளுக்கு ஏ3090.

ஒன்பிளஸில் எழுத்தல்ல, எண்ணே மாறும். ஒன்பிளஸ் 12-இல் சிபிஎச்2573 இந்தியா, 2581 ஐரோப்பா உள்ளிட்ட சந்தைகள், 2583 வட அமெரிக்கா. சீனத்தில் பெயரே பிஜேடி110. ஷாவ்மியில் மாடல் எண் "ஐ" என்று முடிந்தால் இந்தியா, "ஜி" என்றால் குளோபல், "சி" என்றால் சீனம்.

"டேட்டா பறக்கிறது, ஆனால் அழைப்பு மட்டும் போகவில்லை"

என் மேசைக்கு அதிகம் வருவது இதுதான். என்னை அரை நாள் அலைக்கழித்ததும் இதுதான். அத்தைக்கு அமெரிக்காவில் இருக்கும் மகன் தன் பழைய போனை அனுப்பிவைத்தான். யூடியூப் ஓடுகிறது, வாட்ஸ்அப்பில் பேரன் முகம் பளிச்சென்று தெரிகிறது. அடுத்த தெருப் பால்காரருக்கு அழைத்தால் மூன்று விநாடியில் கட்டாகிறது. சிம்மைக் கழற்றித் துடைத்தேன். நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்தேன். கடைசியில் போனையே ரீசெட் செய்தேன். அத்தை காபி கொடுத்துவிட்டு, "உனக்கே தெரியவில்லையா?" என்றார். பிறகுதான் மாடல் எண்ணைப் பார்த்தேன். அமெரிக்க நெட்வொர்க் ஒன்றின் கடைக்காகச் செய்த உடல், அதற்கான மென்பொருள். மாடல் எண்ணை முதலில் பார்க்க வேண்டும் என்று மேலே எழுதியிருப்பது அந்த அரை நாளுக்குப் பிறகு வந்த புத்தி.

காரணம் இது. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி எதுவும் கிடையாது. குரலும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். அந்த வசதிக்குத்தான் வோல்ட்டி என்று பெயர். வோல்ட்டி வேலை செய்ய மோடம் மட்டும் போதாது. எந்த நெட்வொர்க்கோடு எப்படிப் பேசுவது என்ற அமைப்பும் போனின் மென்பொருளுக்குள் இருக்க வேண்டும். வேறு நாட்டுக்கான மென்பொருளில் இந்திய நெட்வொர்க்கின் அமைப்பு இல்லாமல் போகலாம். அப்போது டேட்டா வரும், குரல் வராது.

உறுதிசெய்வது எளிது. செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பக்கத்தில் "4ஜி காலிங்" அல்லது "வோல்ட்டி" என்ற பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து அணைந்திருந்தால், போடுங்கள், கதை முடிந்தது. பொத்தானே இல்லை என்றால் மென்பொருள் வட்டாரத்தைச் சந்தேகியுங்கள். பிறகு 2ஜி இருக்கும் வேறு நெட்வொர்க்கின் சிம்மைப் போட்டு அழையுங்கள். அழைப்புப் போனால், அந்த நேரத்தில் மேலே 4ஜி குறி மறைந்து "இ" என்றோ "2ஜி" என்றோ மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறினால் சந்தேகமே இல்லை.

அத்தைக்கு நான் செய்ததும் அதுதான். 1900 எண்ணுக்குச் செய்தி அனுப்பி, அதே எண்ணோடு 2ஜி உள்ள நெட்வொர்க்குக்கு மாற்றிக்கொடுத்தேன். பேசும்போது டேட்டா நின்றுவிடுகிறது, குரல் கொஞ்சம் கரகரக்கிறது. பால்காரருக்கு இப்போது அழைப்புப் போகிறது.

"மாடியில் சிக்னல் இருக்கிறது, அறைக்குள் வந்தால் இல்லை"

இது உடலின் குறையாக இருக்கலாம். நெட்வொர்க் ஓடும் ஒவ்வோர் அலைவரிசைத் தொகுதிக்கும் பேண்ட் என்று பெயர். இந்தியாவில் 4ஜிக்கு முக்கியமானவை பேண்ட் 1, 3, 5, 8, 40, 41. ஜியோ 3, 5, 40 ஆகியவற்றில் ஓடுகிறது. சுவரைத் துளைத்து உள்ளே வருவது குறைந்த அலைவரிசைதான்: பேண்ட் 5 என்பது 850 மெகாஹெர்ட்ஸ், பேண்ட் 8 என்பது 900. நகரத்தில் நெரிசலைத் தாங்குவது 2300-இல் இருக்கும் பேண்ட் 40. அமெரிக்க நெட்வொர்க்குகள் விற்கும் மலிவு மாடல்களில் பேண்ட் 40 விடுபட்டிருப்பது சகஜம். அதே போல, சீனச் சந்தை போன்களில் ஐரோப்பாவுக்கு வேண்டிய பேண்ட் 20 இல்லாமல் போவது பழைய கதை; பிரான்சில் இருக்கும் தம்பிக்கு இங்கிருந்து சீன போனை வாங்கி அனுப்புகிறவர்கள் அதைப் பார்த்துவிடுங்கள்.

மாடல் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனியின் தளத்தில் பேண்ட் பட்டியலைப் பாருங்கள். போனின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், எண்ணை வைத்துத் தேடுங்கள். பட்டியலில் இல்லாத பேண்டை எந்த அப்டேட்டும் கொண்டுவராது.

5ஜி வரவில்லை என்பது மட்டும் வெளிநாட்டு போனுக்கு அத்தாட்சி ஆகாது. இந்தியாவில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபர் 1-இல். இந்தியக் கடையில் வாங்கிய ஐபோன்களுக்கே அந்த ஆண்டு டிசம்பரில் ஐ.ஓ.எஸ். 16.2 வந்த பிறகுதான் 5ஜி கிடைத்தது. ஆக, முதலில் அப்டேட்டைப் பாருங்கள். அடுத்து 5ஜிக்கான என்-78 பேண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஜியோவின் 5ஜி, 4ஜியைச் சாராமல் தனித்து இயங்கும் வகை. என்-78 இருந்தும், தனித்து இயங்கும் 5ஜியை மென்பொருள் அடைத்து வைத்திருந்தால் ஜியோவில் 5ஜி வராது.

"சிம்மைப் போட்டால் ஏற்க மாட்டேன் என்கிறது"

ஐபோனில் "சிம் நாட் சப்போர்ட்டட்" என்றும், ஆண்ட்ராய்டில் "நெட்வொர்க் அன்லாக் பின்" கேட்டும் நிற்கும். இது பூட்டு. தவணையில் போன் விற்ற நெட்வொர்க், கணக்கு முடியும் வரை தன் சிம்மை மட்டும் ஏற்கும்படி செய்துவைத்த ஏற்பாடு. ஐபோனில் அபவுட் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் "கேரியர் லாக்" என்ற வரி இருக்கும். அதற்கு எதிரே "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" என்று இருந்தால் பூட்டு இல்லை. கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும், ஜப்பானில் 2021 அக்டோபரிலிருந்தும், பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்தும் இப்படிப் பூட்டி விற்கக் கூடாது. அமெரிக்காவில் இன்னும் உண்டு. ஊருக்கு வரும் உறவினர், விமானம் ஏறுவதற்கு முன்பே தன் நெட்வொர்க்கிடம் சொல்லித் திறந்துகொண்டு வருவதுதான் வழி. "நான் திறந்து தருகிறேன்" என்று பணம் கேட்கும் மூன்றாம் மனிதரை நம்பிப் பணத்தைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சாம்சங்கில் இன்னொரு பூட்டும் உண்டு. பெட்டியில் "முதலில் இந்த வட்டாரத்து சிம்மைப் போட்டுத் தொடங்க வேண்டும்" என்று சின்ன ஒட்டு இருக்கும். 2013-இல் நோட் 3 காலத்தில் வந்தது. விற்ற வட்டாரத்து சிம்மைப் போட்டு மொத்தம் ஐந்து நிமிடம் பேசிவிட்டால் திறந்துகொள்ளும். பரிசாகக் கொடுக்க வேண்டும் என்று சீல் பிரிக்காமல் கொண்டுவருவார்கள், அங்கேதான் சிக்கல். அங்கேயே பிரித்து, மனைவிக்கு ஐந்து நிமிடம் பேசிவிட்டுக் கொண்டுவந்தால் போதும்.

"சிம் போட இடமே இல்லை"

ஐபோன் 14 முதல், அதாவது 2022 முதல், அமெரிக்க ஐபோனில் சிம் தட்டு கிடையாது, இ-சிம் மட்டும்தான், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம். ஐபோன் 17-இல் இந்தப் பட்டியலில் ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் ஆகியவையும் சேர்ந்துவிட்டன. துபாயிலிருந்து வரும் ஐபோன் என்றால் தட்டு இருக்கும் என்ற பழைய கணக்கு இனி செல்லாது. நேர்மாறாக, சீனப் பெருநிலத்து ஐபோன் 15-இல் இரண்டு பக்கமும் நானோ சிம் போடலாம், இ-சிம் இல்லை. சந்தேகம் இருந்தால் *#06# அடியுங்கள். இ.ஐ.டி. என்ற 32 இலக்க எண் வந்தால் இ-சிம் உண்டு.

"தமிழ் இல்லை, கூகுள் இல்லை"

செட்டிங்ஸில் மொழிப் பட்டியலைத் திறந்தால் சீன மொழியும் ஆங்கிலமும் மட்டும் இருக்கும். விசைப்பலகையைத் தனியாக நிறுவித் தமிழில் எழுதலாம். போனின் பட்டியல்கள் தமிழில் வரவே வராது. பிளே ஸ்டோர் இருக்காது, அல்லது கைமுறையாக நிறுவியிருப்பார்கள். ஆண்ட்ராய்டு ஆட்டோ வராது. வாட்ஸ்அப் செய்தி, திரையைத் திறந்தால்தான் வந்து கொட்டும். சீன மென்பொருள் பின்னணியில் ஓடும் செயலிகளைக் கழுத்தைப் பிடித்து வைத்திருப்பதால் அப்படி. இது நேர்மையான சீன போன். தொல்லைதான், ஏமாற்று இல்லை.

ஏமாற்று அடுத்த படியில் இருக்கிறது. பெட்டியின் சீலைப் பிரித்து, பூட்லோடரை (போன் தொடங்கும்போது மென்பொருளைச் சரிபார்த்து ஏற்றும் பகுதி) திறந்து, அந்தச் சீன உடலில் குளோபல் மென்பொருளையோ அதைப் போலச் செய்த ஒன்றையோ ஏற்றி, மறுபடி சீல் ஒட்டி விற்பார்கள். மொழிப் பட்டியல் நிறைந்திருக்கும், பிளே ஸ்டோர் இருக்கும், வாங்கியவருக்கு மகிழ்ச்சி. அப்படி ஏற்றியதில் யார் எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று வாங்கியவருக்குத் தெரியாது. விளம்பரம் தானாக முளைக்கும் போன்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

கண்டுபிடிக்க நான் பார்ப்பவை: போனை அணைத்துப் போடும்போது, லோகோ வரும் திரையில் திறந்த பூட்டின் படம் தெரிகிறதா? தெரிந்தால் பூட்லோடர் திறந்திருக்கிறது. அடுத்து பிளே ஸ்டோரில் செட்டிங்ஸ், அபவுட் போய், சாதனம் சான்று பெற்றதா என்று பார்ப்பேன். வங்கிச் செயலி, போன் பாதுகாப்பாக இல்லை என்று சொல்லி மூடிக்கொள்வதும் இதே அறிகுறி.

ஷாவ்மி, ரெட்மி, போக்கோ என்றால் மென்பொருள் பதிப்பு எண்ணின் வாலில் ஏழு எழுத்துகள் ஒட்டியிருக்கும். முதல் எழுத்து ஆண்ட்ராய்டு பதிப்பு: "டி" 13, "யு" 14. அடுத்த இரண்டு அந்த மாடலின் குறி. அதற்கடுத்த இரண்டுதான் நமக்கு வேண்டியது: ஐ-என் இந்தியா, எம்-ஐ குளோபல், இ-யு ஐரோப்பா, சி-என் சீனம். கடைசி இரண்டு பெரும்பாலும் எக்ஸ்-எம். இப்போது இதை மாடல் எண்ணின் கடைசி எழுத்தோடு ஒப்பிடுங்கள். மாடல் "சி" என்று முடிந்து, மென்பொருளில் எம்-ஐ இருந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பதறி, பூட்லோடரை நீங்களே திரும்பப் பூட்டிவிடாதீர்கள். சீன உடலில் குளோபல் மென்பொருளோடு பூட்டினால், "இந்தப் பதிப்பை இந்தச் சாதனத்தில் நிறுவ முடியாது" என்று சொல்லி ரெக்கவரி திரையிலேயே நின்றுவிடும். முதலில் சீன மென்பொருளை முறையாக ஏற்றி, பிறகு பூட்டுவதே சரியான வரிசை.

சின்னச் சின்னத் தொல்லைகள்

படம் எடுத்தால் சத்தம் போடுகிறது, நிறுத்தவே முடியவில்லை என்றால் ஜப்பான் அல்லது கொரியா போன். சட்டம் என்று சொல்வார்கள். உண்மையில் அது கம்பெனிகளும் நெட்வொர்க்குகளும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. பின்பக்கம் சாம்சங் என்ற பெயரே இல்லாமல் "கேலக்ஸி" என்று மட்டும் இருந்தால், போலி என்று பயப்பட வேண்டாம். எஸ்6 முதல் எஸ்22 வரை ஜப்பானில் அப்படித்தான் விற்றார்கள்.

ஐபோனில் ஃபேஸ்டைமே இல்லை என்றால் அமீரகத்தில் விற்றதா என்று பாருங்கள். ஐபோன் 15-இல் அமீரகத்துக்கும் இந்தியாவுக்கும் உடல் ஒன்றே. வேறுபாடு முழுக்க மென்பொருளில்.

சாம்சங்கில் அழைப்பைப் பதிவுசெய்யும் வசதி காணவில்லை என்றால், மென்பொருள் எந்த நாட்டுக்கானது என்று காட்டும் சி.எஸ்.சி. குறியைப் பாருங்கள். அபவுட் போன், சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன், சர்வீஸ் புரொவைடர் வரியில் மூன்றெழுத்துக் குறிகள் வரிசையாக இருக்கும். ஐ-என்-எஸ் இந்தியா, எக்ஸ்-எஸ்-ஜி அமீரகம், கே-ஓ-ஓ கொரியா. முதலில் இருப்பது இப்போது ஓடும் குறி. பல நாடுகளுக்குப் பொதுவான போன்களில் புது சிம்மைப் போட்டுத் தொடங்கும்போது அது மாறிக்கொள்ளும். அதனால் முதல் குறியை மட்டும் பார்த்து "இந்திய போன்தான்" என்று சொல்லிவிடக் கூடாது. கடைசிக் குறியையும் பாருங்கள், பெரும்பாலும் அது பிறந்த இடம்.

பெட்டி என்ன சொல்கிறது

இந்தியாவில் முறையாக விற்கும் போனின் பெட்டியில் அதிகபட்ச விலை ரூபாயிலும், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் இந்திய முகவரியும் அச்சாகியிருக்கும். ஆர் என்ற எழுத்தும் 8 இலக்கமும் கொண்ட பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவெண் பெட்டியிலோ, செட்டிங்ஸின் சான்றிதழ் பக்கத்திலோ இருக்கும். சார்ஜர் வந்திருந்தால் பின்னைப் பாருங்கள்: தட்டையான மூன்று பின் என்றால் அமீரகம், சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் பக்கம், தட்டையான இரண்டு பின் என்றால் அமெரிக்கா, ஜப்பான், சீனம். மலேசியாவில் வாங்குகிறவர்கள் அந்நாட்டுச் சான்றான சிரிம் ஒட்டைத் தேடுவார்கள். இலங்கையில் ஐ.எம்.இ.ஐ. என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, எண்ணைச் சேர்த்து 1909-க்கு அனுப்பிப் பார்ப்பார்கள்.

பழைய போனை நேரில் பார்க்காமல் வாங்குகிறீர்கள் என்றால், விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: அபவுட் பக்கத்தில் மாடல் எண் தெரியும் படம், *#06# திரை, பெட்டியின் ஒட்டு. அதோடு போனை அணைத்துப் போடும் ஒரு சிறு காணொளி. இரண்டு நிமிட வேலைதான். "இன்டர்நேஷனல் வெர்ஷன் சார், எல்லாம் சரியாக இருக்கும்" என்று மட்டும் பதில் வந்தால், அடுத்த கடையைப் பாருங்கள்.